ஆயிரத்து இருபத்துமூன்றைப் பதினொன்றால் வகுத்தால்

ஜூலை 8, திங்கள்

விடுதியில் காலையில் தண்ணீர் வரவில்லை. மூன்றாம் மாடியிலிருந்து வாளியோடு இறங்கிப் போய்ப் பிடித்து வந்ததில் முதல் வகுப்புக்குத் தாமதம். இளநிலை மாணவர்களுக்குக் குறியீட்டுக் கணிதத்தின் முதல் பாடம். கரும்பலகையில் பூஜ்யமும் ஒன்றுமாக இரண்டு வரிசைகளை எழுதி, எத்தனை இடங்களில் வேறுபடுகின்றன என்று எண்ணச் சொன்னேன். அப்படி ஒரு வரிசைதான் எங்களுக்குச் சொல், சொற்களின் தொகுப்புதான் குறியீடு. நாம் அனுப்பும் சொற்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகி நிற்கின்றனவோ, வழியில் இரைச்சல் சில இடங்களை மாற்றிவிட்டாலும் அந்த அளவுக்கு மூலத்தை மீட்க முடியும். இவ்வளவுதான் எங்கள் துறை. மற்றதெல்லாம் அந்த விலகலை எப்படிக் கூட்டுவது என்பதுதான்.

மதியம் மகுடேஸ்வரி அக்கா தன் ஆய்வேட்டின் நான்காம் அத்தியாயத்தை அச்செடுத்துக் கொண்டுவந்து தந்தாள். நாற்பது பக்கம். அவள் ஏழு வருட உழைப்பின் உயிர் அதில்தான் இருக்கிறது. நடுவில் குழந்தை பிறந்ததால் இத்தனை காலம். எனக்குப் பின்னால் அவள் முடிப்பாள் என்று யாரும் நினைத்ததில்லை. நான் போன வருடமே பட்டம் வாங்கிவிட்டு, இதே லேபில் எங்கள் இருவரின் வழிகாட்டியான கோவர்த்தனன் சாரின் திட்டத்தில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறேன். டிசம்பரோடு திட்டம் முடிகிறது.

வெள்ளிக்கிழமைக்குள் வரிக்கு வரி பார்த்துத் தர வேண்டும் என்றாள். சார் முன்னுரையை மட்டும்தான் படிப்பார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும்.

ஜூலை 12, வெள்ளி

கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வலது கன்னம் வீங்கி, கஞ்சிதான் இறங்குகிறது.

அத்தியாயத்தைத் திருப்பிக் கொடுத்தேன். முதல் பத்துப் பன்னிரண்டு பக்கங்களில் நிறையத் திருத்தியிருந்தேன். கணிதக் குறிகள் மாறியிருந்த இடங்கள், விட்டுப்போன காற்புள்ளிகள். மீதியையும் புரட்டினேன். நிரூபணத்தின் போக்கு எனக்கு ஏற்கெனவே தெரிந்ததுதான். அவள் எத்தனையோ தடவை பலகையில் போட்டுக் காட்டியிருக்கிறாள்.

“நிரூபணம் முழுக்கப் பாத்தியா அம்மிணி?” என்று கேட்டாள்.

“பாத்துட்டேன்க்கா. சரியா இருக்கு.”

இந்தப் பல்லோடு யாராலும் அதற்கு மேல் படித்திருக்க முடியாது.

ஜூலை 24, புதன்

சார் எங்கள் இருவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நார்வேயில் ஒரு பல்கலைக்கழகம், மூன்று வருட ஆராய்ச்சிப் பணி, ஒரே இடம். நாங்கள் இருவருமே விண்ணப்பித்திருந்தோம். அவரைப் பரிந்துரைக்கச் சொல்லி அங்கிருந்து கேட்டிருக்கிறார்கள். முதல் பெயராக மகுடேஸ்வரியையும் இரண்டாவதாக என்னையும் எழுதிவிட்டதாகச் சொன்னார். டிசம்பர் முடிவதற்குள் பட்டம் கையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர்கள் போட்ட ஒரே நிபந்தனை. ஆகஸ்டில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டால் சரியாக வந்துவிடும் என்று கணக்குப் போட்டுச் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, எனக்கும் வேறு நல்ல இடம் கிடைக்கும் என்றாள். எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். அவள் தகுதியானவள். அவள் ஆய்வேட்டின் பக்கத்தில் என்னுடையதை வைக்கவே முடியாது, அது எனக்குத் தெரியாததா.

சாயங்காலம் அறையின் திரைச்சீலைகளை எல்லாம் கழற்றித் துவைத்தேன். ரொம்ப நாளாக அழுக்காக இருந்தன.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

ஒரு விஷயம். தெளிவாக எழுதிவைக்கிறேன்.

திட்டத்தின் கூட்டத்துக்காக அக்காவின் குறியீட்டை ஓட்டிப் பார்த்து வரைபடம் தரச் சொல்லியிருந்தார் சார். அவளுடைய தேற்றம் இதுதான்: அவள் கட்டிய எந்தக் குறியீட்டிலும், எந்த இரண்டு சொற்களும் குறைந்தது பத்து இடங்களிலாவது வேறுபடும். சொல்லின் நீளம் 511 வரைக்கும் எல்லாம் ஒழுங்காக வந்தது. 1023-இல் புரோகிராம் சில இடங்களில் தவறான சொல்லை எடுத்தது. இரைச்சல் அதிகமாக இருந்தால் அப்படி நடப்பதுதான். ஆனால் இரைச்சல் அதிகமில்லை. அனுப்பிய சொல்லையும் எடுத்த சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வித்தியாசத்தை எண்ணினேன்.

எட்டு.

என் புரோகிராமில்தான் பிழை இருக்கும்.

ஆகஸ்ட் 7, புதன்

புரோகிராமில் பிழை இல்லை. காலையிலிருந்து காகிதத்தில் கையால் சரிபார்த்தேன்.

அதன் பிறகு நான்காம் அத்தியாயத்தை எடுத்துப் படித்தேன். முழுவதுமாக. இருபத்தொன்பதாம் பக்கத்தில் ஓரிடத்தில் அவள் ஓர் எண்ணால் வகுக்கிறாள். ஒன்றோடு x-இன் பதினொன்றாம் அடுக்கைக் கூட்டினால் கிடைக்கும் எண். x ஒன்றாக இல்லாதவரை அது பூஜ்யமாகாது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறாள். எங்கள் கணக்கில் ஒன்றும் ஒன்றும் சேர்ந்தால் பூஜ்யம். ஆகவே x-இன் பதினொன்றாம் அடுக்கு ஒன்றாகிவிட்டால் போயிற்று, பூஜ்யத்தால் வகுத்தாகிவிட்டது. குறியீட்டின் நீளம் பதினொன்றால் வகுபட்டால் அப்படிப்பட்ட x உண்டு. 15, 31, 63, 127, 255, 511 எதுவும் வகுபடாது. அவள் அட்டவணையில் சோதித்ததெல்லாம் இவைதான்.

1023-ஐப் பதினொன்றால் வகுத்தால் தொண்ணூற்றுமூன்று. மீதி இல்லை.

ஆறாம் அத்தியாயம் முழுக்க 1023-ஐப் பற்றியது.

நாளை அக்காவிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆகஸ்ட் 8, வியாழன்

அக்கா வரவில்லை. மகள் தர்ஷிகாவுக்குக் காய்ச்சலாம். போனில் சொல்லும் விஷயமா இது?

ஆகஸ்ட் 9, வெள்ளி

அக்கா வந்தாள். இரண்டு நாளாகத் தூங்காத முகம். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு எப்படிச் சொல்வது? திங்கட்கிழமை சொல்லலாம்.

இப்போதே சரிசெய்வதானால் என்ன செய்யலாம் என்றும் யோசித்துப் பார்த்தேன். அதுவும் தெரிந்தால் கையோடு சொல்லலாம் அல்லவா? ஒன்றும் பிடிபடவில்லை. பெரிதாக முயலவும் இல்லை.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

ஆய்வேட்டை எப்போது பைண்டிங்குக்குக் கொடுக்கிறாள் என்று கேட்டேன். இந்த மாதக் கடைசியில் என்றாள். வேறொன்றும் பேசவில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆராதனை முடிந்து அப்படியே அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். கூப்பிட்டிருந்தாள். பீளமேட்டில் சின்ன வாடகை வீடு. அவள் கணவர் சபாபதி அண்ணன் மோட்டார் பம்பு கம்பெனியில் ஃபோர்மேன். நீண்ட விடுப்பு கேட்டதற்குத் தர முடியாது என்றுவிட்டார்களாம், அக்டோபரோடு வேலையை விட்டுவிடப் போவதாகச் சொன்னார். அங்கே போய் என்ன வேலை கிடைத்தாலும் செய்வேன், முதலில் சமையலைக் கற்றுக்கொள்கிறேன் என்று சிரித்தார். கத்தரிக்காய்க் குழம்பு அவர் வைத்ததுதான்.

தர்ஷிகா ஊட்டியில் வாங்கிய கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வேர்க்க வேர்க்க வீட்டைச் சுற்றினாள். கழற்றச் சொன்னால் அழுதாள்.

சமையலறையில் நானும் அக்காவும் தனியாக இருந்தோம். “அக்கா, நாலாம் அத்தியாயத்துல…” என்று ஆரம்பித்தும்விட்டேன். தட்டைக் கழுவிக்கொண்டே, “அத மட்டும் நீ பாத்துக் கொடுக்கலீன்னா எனக்குப் பயமாவே இருந்திருக்கும்” என்றாள். நான் அடிக்குறிப்பில் ஓர் எண் மாறியிருப்பதைப் பற்றிச் சொல்லிவிட்டு வந்தேன். எண் உண்மையிலேயே மாறித்தான் இருந்தது.

ஆகஸ்ட் 21, புதன்

வரைபடத்தைச் சாரிடம் கொடுத்தேன். 511 நீளத்துக்கானது. 1023 என்னவாயிற்று என்று கேட்டார். ஓட நேரமெடுக்கிறது, அடுத்த கூட்டத்துக்குத் தருகிறேன் என்றேன். சரி என்று கோப்பில் வைத்துக்கொண்டார்.

அவர் இன்னொரு கேள்வி கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆகஸ்ட் 26, திங்கள்

அக்கா ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டாள். ஒரு பிரதி இங்கேயும் ஒரு பிரதி வெளிநாட்டுக்கும் தேர்வாளர்களிடம் போகும். லேபில் எல்லோருக்கும் மைசூர்பாகு. பைண்டிங் வாசனை போகாத பிரதி ஒன்றை என்னிடம் தந்து நன்றியுரையைப் படிக்கச் சொன்னாள். கணவருக்கும் மகளுக்கும் அடுத்து என் பெயர். ‘நான்காம் அத்தியாயத்தை வரிக்கு வரி படித்துத் திருத்திய என் தோழி முனைவர் பியூலா சாமுவேலுக்கு.’

எல்லோர் முன்னாலும் என்னைக் கட்டிக்கொண்டாள். என் கைகள் எங்கே இருந்தன என்று ஞாபகமில்லை.

தேர்வாளர்கள் சில சமயம் முன்னுரையை மட்டும் படிப்பார்கள்.

செப்டம்பர் 19, வியாழன்

பல் பிடுங்கிய இடம் ஆறிவிட்டது. மென்று சாப்பிட முடிகிறது. அக்கா லேபுக்கு வந்தால் நான் நூலகத்துக்குப் போய்விடுகிறேன். அங்கே வேலை ஓடுகிறது.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. விடுதி காலி. சபாபதி அண்ணன் வண்டியில் வந்து வாசலில் ஒரு தூக்குவாளி நிறைய முறுக்கும் லட்டும் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டுக்கு வராமல் இருக்கிறாயே, அக்கா வருத்தப்படுகிறாள் என்றார். வேலை அதிகம் என்றேன். இன்றோடு தன் கம்பெனி வேலை முடிந்தது என்றும் சொன்னார்.

லட்டைச் சாப்பிடவில்லை. காவல்காரரிடம் கொடுத்துவிட்டேன்.

டிசம்பர் 3, செவ்வாய்

வெளிநாட்டுத் தேர்வாளரின் அறிக்கை வந்துவிட்டது.

அவர் முன்னுரையை மட்டும் படிக்கவில்லை. இருபத்தொன்பதாம் பக்கத்தைக் குறிப்பிட்டு, இந்த வகுத்தல் செல்லாது, 1023 பதினொன்றால் வகுபடும் என்று எழுதியிருக்கிறார். ஆறாம் அத்தியாயம் நிற்காது, திருத்தி மறுபடி அனுப்ப வேண்டும், அதன் பிறகே வாய்மொழித் தேர்வு.

சார் அதை லேபில் நின்றபடியே படித்துக் காட்டினார். அக்கா ஒரு காகிதத்தை எடுத்து வகுத்துப் பார்த்தாள். அவ்வளவு சின்னக் கணக்கை அவள் ஏன் எழுதிப் பார்த்தாள் என்று தெரியவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

இந்த அத்தியாயத்தை யாருமே பார்க்கவில்லையா என்று சார் கேட்டார். நான் எழுந்திருக்கப் போனேன், அப்படித்தான் நினைக்கிறேன். அதற்குள் அக்கா, பிழை தன்னுடையது, அதை வேறு யார் பார்த்திருந்தாலும் பொறுப்புத் தன்னுடையதுதான் என்று சொல்லிவிட்டாள். நன்றியுரையில் என் பெயர் இருப்பது எல்லோருக்கும் தெரியும். சார் என்னைப் பார்த்தார்.

டிசம்பர் 4, புதன்

அக்கா என்னைத் தேடி நூலகத்துக்கே வந்தாள். என்னைத் தேற்றுவதற்காக. “நீயும் பாத்து நானும் பாத்து ரெண்டு பேருக்கும் தப்பிப் போச்சுன்னா அது யாருக்கும் தப்பும் அம்மிணி. அதையே நெனச்சுட்டுக் கெடக்காத.”

அவள் கண்கள் வீங்கியிருந்தன. கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றேன்.

டிசம்பர் 11, புதன்

நார்வேயிலிருந்து எனக்கு மின்னஞ்சல். முதலில் தேர்வானவரால் குறித்த காலத்தில் சேர முடியாததால் இடம் எனக்கு வருகிறது என்றும், பிப்ரவரியில் சேரலாமா என்றும் கேட்டிருக்கிறார்கள். சார் வாழ்த்தினார். என் ஊர் சாயர்புரத்துக்குப் போன் செய்தேன். அம்மா ஜெபம் பண்ணியது வீண் போகவில்லை என்று அழுதாள்.

இதை நான் எதிர்பார்க்கவில்லை என்று எழுதத்தான் இந்தப் பக்கத்தைத் திறந்தேன். எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டேன்.

டிசம்பர் 20, வெள்ளி

நாளைக்கு மறுநாள் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக டிக்கெட் எடுத்திருக்கிறேன். அதற்கு முன்னால் இது முடிய வேண்டும் என்று மதியம் பீளமேட்டுக்குப் போனேன்.

அண்ணன் வீட்டில் இல்லை. பழைய கம்பெனியிலேயே தினக்கூலிக்குப் போகிறாராம். ஃபோர்மேன் இடத்தில் வேறு ஆளைப் போட்டுவிட்டார்கள். தர்ஷிகா பள்ளிக்கூடத்தில். அக்கா சாப்பாட்டு மேசையில் காகிதங்களைப் பரப்பிவைத்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உற்சாகமாக ஒன்றைக் காட்டினாள். பதினொன்றுக்குப் பதில் பதின்மூன்றாம் அடுக்கை எடுத்தால் 1023-இல் பூஜ்யம் வராது, நிரூபணம் நிற்கிறது, ஆறாம் அத்தியாயத்தை மட்டும் மறுபடி எழுத வேண்டும். இதைக் கண்டுபிடிக்கத் தனக்கு இரண்டு வாரம்கூட ஆகவில்லை என்றாள்.

இரண்டு வாரம். ஆகஸ்டில் அதைவிட அதிகமாகவே இருந்தது.

நான் நின்றுகொண்டேதான் சொன்னேன். ஜூலையில் அத்தியாயத்தை முழுவதும் படிக்கவில்லை என்பதை முதலில். அவள் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பல்வலியோடு இருந்தாயே என்று எனக்காகச் சமாதானம் சொல்லத் தொடங்கினாள். பிறகு எட்டு இடங்களைப் பற்றிச் சொன்னேன்.

“எப்ப?”

“ஆகஸ்ட் ஆறாம் தேதி.”

“நான் கொடுக்கறதுக்கு முன்னாடியா?”

“ஆமாக்கா.”

சமையலறையில் குக்கர் கத்தியது. எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“எங்க ஊட்டுக்கு வந்து சாப்புட்டியே, அப்பவும் தெரியுமா?”

“தெரியும்.”

“நார்வேக்காகவா?”

புரோகிராமில் பிழையோ என்று பயந்தேன், குழந்தைக்குக் காய்ச்சல், நீங்கள் களைத்திருந்தீர்கள் என்று நான் பேசிக்கொண்டே போனேன். எல்லாம் நான் இங்கே எழுதிவைத்த வாக்கியங்கள்தான். சொல்லும்போது எனக்கே வேறு யாரோ பேசுவதுபோல் கேட்டது. அவள் குறுக்கிடாமல் கேட்டுவிட்டு, அதே கேள்வியை அதே குரலில் இரண்டாம் தடவை கேட்டாள்.

“ஆமா” என்றேன்.

நான் நார்வேக்குப் போகவில்லை என்று சொன்னேன்.

“நீ போகாட்டி அது எனக்கு வந்துருமா?”

அவள் மேசையிலிருந்த காகிதங்களை ஒன்றாக அடுக்கினாள்.

“சார்கிட்டச் சொல்லு. எங்கிட்டச் சொன்ன மாதிரியே சொல்லோணும். இப்ப கெளம்பு பியூலா, புள்ள வர்ற நேரமாச்சு.”

எனக்குத் தெரிந்து அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது இன்றுதான்.

டிசம்பர் 21, சனி

சார் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். 511-க்கான வரைபடத்தை வேண்டுமென்றே கொடுத்ததையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். தான் முன்னுரைக்கு மேல் படிக்காததைப் பற்றியும் யோசித்திருப்பாரோ என்னவோ, தெரியாது. கடைசியில், “என் பேர்ல போன பரிந்துரை அது. அதை நான் திரும்ப வாங்கிக்கறேன். காரணம் எதுவும் எழுத மாட்டேன். இது இந்த மூணு பேரைத் தாண்டாது” என்றார்.

கோவிலில் கிறிஸ்துமஸ் பாடல் பயிற்சி நடக்கிறது. போகவில்லை. துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

நார்வே இடம் வேறு நாட்டுக்காரர் ஒருவருக்குப் போய்விட்டது. அம்மாவிடம் விசா சிக்கல் என்று சொல்லியிருக்கிறேன். மறுபடியும் பொய். இதை என்றைக்குத் திருத்துவேனோ.

திட்டம் முடிந்துவிட்டது. திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை, அடுத்த மாதம் சேர வேண்டும்.

ஜனவரி 22, புதன்

லேபில் என் கோப்புகளை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தபோது அக்கா வந்தாள். புதிய குறியீட்டை 1023 நீளத்துக்கு ஓட்டிப் பார்க்க வேண்டும், என் புரோகிராம்தான் வேண்டும், ஆகஸ்டில் எட்டு வந்த அந்த இரண்டு சொற்களும் வேண்டும் என்றாள். என்னை உட்காரவைத்துப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டாள். சாப்பாட்டு வேளை தாண்டியும் ஓடியது. முன்னெல்லாம் டிபன் டப்பாவைத் திறந்தால் மூடியில் எனக்குப் பாதி வைப்பாள். இன்று வெளியே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

பத்துக்குக் குறைவாக எதுவும் வரவில்லை. இன்னொரு தடவை வேறு இரைச்சலோடு ஓட்டச் சொன்னாள். ஓட்டினேன். நான் எண்ணியதை அவளும் ஒரு தடவை எண்ணினாள். எல்லாவற்றையும் தானே எண்ணினாள்.

மார்ச் 14, வெள்ளி

திருச்செங்கோட்டிலிருந்து காலையில் பஸ் ஏறி அக்காவின் வாய்மொழித் தேர்வுக்குப் போனேன். அவள் கூப்பிடவில்லை. பொது அறிவிப்பு வந்திருந்தது. யார் வேண்டுமானாலும் போகலாம்.

கருத்தரங்கக் கூடத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். சபாபதி அண்ணன் முன் வரிசையில் மகளோடு இருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று அந்தத் தலையசைப்பிலிருந்து கண்டுபிடிக்க முடியவில்லை.

அக்கா அரக்குப் புடவையில் வந்திருந்தாள். முக்கால் மணி நேரம் தடங்கலில்லாமல் பேசினாள். பழைய குறியீட்டில் எட்டே இடங்களில் வேறுபட்ட இரண்டு சொற்கள், பத்து இடங்கள், பதின்மூன்றாம் அடுக்கு, 1023-க்கான புதிய வரைபடம். முடிந்ததும் தேர்வுக் குழுவிலிருந்த ஒரு பேராசிரியர் எழுந்து, பழைய கட்டமைப்பு 1023-இல் தோற்கிறது என்று தேர்வாளர் நிரூபணத்தை வைத்துத்தானே சொன்னார், எட்டு இடங்களில் மட்டும் வேறுபடும் சொற்களை இங்கே கண்ணுக்கு முன்னால் காட்டியிருக்கிறீர்களே, அவற்றைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆயிரத்துச் சொச்சம் இடங்களில் அதைத் தேடி எடுப்பது லேசான காரியமில்லை.

அக்கா தண்ணீர் குடித்தாள். “அது நான் கண்டுபிடிச்சதில்லைங்க சார். எங்க லேப்ல இருந்த முனைவர் பியூலா சாமுவேல் கண்டுபிடிச்சாங்க. தேர்வாளரோட அறிக்கைக்கு முன்னாடியே, போன ஆகஸ்ட் மாசம். இங்கதான் இருக்காங்க, கடைசி வரிசையில.”

நான் வந்ததை அவள் கவனித்திருக்கிறாள்.

கூடம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. யாரோ கைதட்ட ஆரம்பித்தார்கள், எல்லோரும் தட்டினார்கள். சார் மட்டும் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா என்னைப் பார்த்தாள். கோபமில்லை, இரக்கமுமில்லை. ஒரு நிரூபணத்தில் வர வேண்டிய வரியைப் போட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போகிறவளின் முகம். அடுத்த கேள்விக்குத் திரும்பிவிட்டாள்.

பட்டத்துக்குப் பரிந்துரைத்துவிட்டார்கள். வெளியே டீயும் போண்டாவும் வைத்திருந்தார்கள். பெயர் தெரியாத முதலாண்டு ஆராய்ச்சி மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, அந்த எட்டை எப்படிக்கா பிடித்தீர்கள், எனக்கும் சொல்லித் தருவீர்களா என்று கேட்டாள். அவளுக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் வாழ்த்துச் சொல்லக் காத்துக்கொண்டிருந்தார்கள்.

டீ டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவருக்கும் நன்றி என்று சொன்னேன்.